நூதனசாலைக்கு 150 வயது: சிறப்புக் கண்காட்சியின் நடுவில் எது நிற்க வேண்டும்?

வெள்ளவத்தை வாசகன்
2027 ஜனவரி 1 அன்று கொழும்பு கறுவாத்தோட்டத்து தேசிய நூதனசாலைக்கு 150 ஆண்டு நிறைகிறது. அதற்கொரு சிறப்புக் கண்காட்சி வைத்தால் நடுவில் எது நிற்க வேண்டும்? கண்டி அரசனின் சிம்மாசனமும் முடியும் என்று பலர் சொல்வீர்கள். நான் காலி மும்மொழிக் கல்வெட்டைச் சொல்கிறேன்.

1409இல் சீனாவிலேயே பொறித்து, கடற்படைத் தளபதி செங் ஹோவின் கப்பலில் வந்த கல் அது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே பலகையில். சீனப் பகுதி புத்தரை வணங்குகிறது, தமிழ்ப் பகுதி தெவிநுவரக் கோயில் தெய்வமான தெனவரை நாயினாரை, பாரசீகம் அல்லாஹ்வை. காணிக்கைப் பட்டியல் மட்டும் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய். 1911இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். சீனப் பேரரசன் இந்தத் தீவுக்குச் செய்தி சொல்ல நம் மொழியையும் தேர்ந்தெடுத்திருக்கிறான். அதை ஓரத்தில் வைக்கலாமா?

கொட்டாஞ்சேனை பேத்தி
அண்ணா, கல்லில் எனக்குக் குறை இல்லை. ஆனால் சிம்மாசனம், முடி, கல்வெட்டு எல்லாமே அரசர்கள் விட்டுப்போனவை. கொழும்பு யாருடைய ஊர்? துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர்கள், செட்டியார் தெருப் பொற்கொல்லர்கள், புறக்கோட்டையில் கடை திறந்தவர்கள். ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகும் பாதையை ஒரு பெரிய வரைபடமாக விரித்து வைக்கட்டுமே. எங்கள் அம்மம்மாவின் பங்கீட்டு அரிசிக் கூப்பன் புத்தகம் இன்னும் அலுமாரியில் இருக்கிறது. மட்டை எண்ணெய் பிடித்து மினுங்கும், கிழித்த கூப்பன்களின் அடிக்கட்டைகள் அப்படியே இருக்கும். அதைப் பார்த்தால் பக்கத்து வீட்டு சிங்களப் பிள்ளையும் ‘எங்கள் வீட்டிலும் இருந்தது’ என்று சொல்லும். 150 ஆண்டு என்றால் இந்த நகரத்தின் 150 ஆண்டைக் காட்டுங்கள்.

மருதானை நானா
தங்கச்சி சொல்வதில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தக் கட்டடத்தை எழுப்பியதே நம்மூர் ஆள்தான். வரைபடம் போட்டவர் கட்டடக்கலைஞர் ஸ்மிதர், கட்டியவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். திறப்பு விழாவில் ஆளுநர் கிரகரி ‘உமக்கு என்ன வேண்டும்’ என்று கேட்டபோது, ஜும்ஆ தொழுகை நாளான வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாராம். பணமோ பட்டமோ கேட்கவில்லை. அந்த வாக்கை நெடுங்காலம் காப்பாற்றினார்கள். கிரகரியின் சிலை முற்றத்தில் நிற்கிறது. கட்டியவருக்கு ஒரு கூடம் ஒதுக்கட்டும். தச்சர், கொத்தர், சுண்ணாம்பு அரைத்தவர், எல்லோரும் அந்தக் கூடத்துக்குள் வருவார்கள்.

ஓய்வுபெற்ற சமூகக்கல்வி ஆசிரியர்
தம்பி, கல்லை நகர்த்தும் யோசனையை மட்டும் நான் எதிர்க்கிறேன். அறுநூறு ஆண்டுக் கல். பாரசீகப் பகுதி ஏற்கெனவே மிகவும் தேய்ந்துபோய் இருக்கிறது. விழாவுக்காகத் தூக்கி வைத்து விளிம்பு உதிர்ந்தால் யார் பொறுப்பு? முன்மண்டபத்தில் தொலுவில் புத்தர் இருக்கிறார், அவரே அங்கு இருக்கட்டும். வேண்டுமென்றால் கல்வெட்டின் மைப்படியை, அதாவது மை ஒற்றி எடுத்த பிரதியை, பெரிதாக்கித் தொங்கவிடுங்கள்.

இன்னொன்று. நான் பாடசாலைப் பிள்ளைகளை எத்தனையோ தடவை அழைத்துப் போயிருக்கிறேன். கல்லின் முன் நின்று தமிழில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுவார்கள். ஒருமுறை நானே நின்று, மேலே எதிரெதிராக இருக்கும் இரண்டு டிராகன்களைக் காட்டி, இடப்புறத்துத் தமிழ் எழுத்துகளில் தெரிந்தவற்றைத் தேடச் சொன்னேன். ஒரு பெண்பிள்ளை ‘சேர், இது ன’ என்று கத்தினாள். அப்புறம் இருபது பேரும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டார்கள். எதைக் காட்டுவது என்ற சண்டையை விட, யார் சொல்லிக்கொடுப்பது என்பதைத் தீர்த்தால் போதும்.

வெள்ளவத்தை வாசகன்
சேர், நகர்த்த வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். மைப்படி நல்ல வழி. ஆனால் பேத்தியின் கூப்பன் புத்தகமும் இந்தக் கல்லும் ஏன் ஒன்றையொன்று விலக்க வேண்டும்? காணிக்கைப் பட்டியலும் ஒரு கணக்குத்தானே. அத்தோடு பொலன்னறுவைச் சிவன் கோயிலில் கிடைத்த நடராசரும் சுந்தரரும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களின் முன்னும் பாடம் சொல்ல ஆள் வேண்டும்.

கொட்டாஞ்சேனை பேத்தி
விலக்கச் சொல்லவில்லை அண்ணா, வரிசையில் பின்னுக்குத் தள்ளாதீர்கள் என்கிறேன். 1765இல் டச்சுக்காரர் கண்டியிலிருந்து கொண்டுபோன லெவ்கே பீரங்கி உட்பட ஆறு பொருட்கள் 2023இல் நெதர்லாந்திலிருந்து திரும்பி வந்தன. நல்லது, வரவேற்றேன். கூப்பன் புத்தகமோ எங்கும் போகவில்லை. அதனாலேயே அதைக் கேட்க யாரும் வரவில்லை.

நேரத்தையும் யோசியுங்கள். ஒன்பதிலிருந்து ஐந்து வரை திறந்திருக்கும் இடத்துக்குப் புறக்கோட்டைக் கடைப் பிள்ளைகள் எப்போது வருவார்கள்? வேலை முடிந்து 138 பஸ்ஸில் ஏறி நூலகத்தடியில் இறங்கும்போது கதவு பூட்டியிருக்கும். மாதத்தில் ஒரு நாளாவது இரவு ஒன்பது வரை திறக்கட்டும்.

ஓய்வுபெற்ற சமூகக்கல்வி ஆசிரியர்
இரவில் திறந்தால் நான் வருகிறேன், மகள். மைப்படிக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டால் போதும், வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுவேன். அம்மம்மாவின் புத்தகத்தையும் எடுத்து வா.