ஃபியட்டுக்குப் பழைய ஆயில் சம்ப் போதும் என்பவர்களுக்கு

பத்மினிக்காரன்:
ஆட்டோகிராஸில் (மைதானத்தில் கூம்புகளுக்கு நடுவே வளைத்து ஓட்டும் பந்தயத்தில்) ஓட்டுவதற்காகப் பழைய பிரீமியர் பத்மினி, அதாவது நம் ஊர் ஃபியட், வாங்கிய நண்பர் ஒருவர், எந்த ஆயில் சம்ப் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) போடலாம் என்று நேற்று இங்கே கேட்டிருந்தார். 'மலைப்பாதை' அளித்த பதில் இது: "கம்பெனி சம்ப் போதும். என் ஃபியட் ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்குகிறது. ஆயில் அழுத்தம் போனால் எரியும் விளக்கு ஒருமுறைகூட எரிந்ததில்லை." இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இதை நம்பி அந்த மனிதர் மைதானத்தில் இறங்கினால், ஆயில் கிடைக்காமல் பிக் எண்ட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்கோடு சேரும் இடத்து பேரிங்) போகும், கூடவே கிராங்கும் (எஞ்சினின் சுழல்தண்டு) போகும். 1089 சிசி எஞ்சினுக்கு நல்ல கிராங்க் இன்று எங்கே கிடைக்கிறது? பழைய இரும்புக் கடைகளில் கிடப்பவை எல்லாம் பலமுறை கிரைண்டிங் பார்த்து மெலிந்தவை.

கணக்கைப் பாருங்கள். பத்து மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் பக்கவாட்டு விசை 0.3 ஜி, அதாவது புவியீர்ப்பில் பத்தில் மூன்று பங்கு. சம்புக்குள் ஆயிலின் மேல்மட்டம் 17 டிகிரி சாயும். கூம்புகளுக்கு நடுவே 25 மீட்டர் ஆரத்தில் 45 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் 0.64 ஜி. சாய்வு 32 டிகிரியைத் தாண்டும். அடுத்த நொடியே எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். ஸ்ட்ரெயினர் (பம்ப் ஆயிலை உறிஞ்சும் குழாயின் வலை வாய்) இருக்கும் இடத்தில் அப்போது ஆயில் இருக்காது, காற்றுதான் இருக்கும். பம்ப் அதைத்தான் உறிஞ்சும்.

மலைப்பாதை:
காகிதத்தில் வண்டி ஓட்டுபவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். இருபது வளைவுகள். விளக்கு எரியவில்லை. காப்பி மூட்டையும் மிளகு மூட்டையும் ஏற்றிக்கொண்டு அடிவாரத்திலிருந்து ஏறிய வண்டி அது. நீங்கள் ஆரம், டிகிரி என்று அளந்துகொண்டிருங்கள். என் தந்தை காலத்திலிருந்து அதே சம்ப், அதே போல்ட்.

பத்மினிக்காரன்:
ஒரே ஒரு கேள்வி. சாவியைத் திருப்பியதும், எஞ்சினைக் கிளப்பும் முன், அந்த விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் பல்பு போய்விட்டது, அல்லது ஒயர் கழன்றிருக்கிறது. எரியாத பல்பு இருபது வளைவுகளில் என்ன, இருநூறு வளைவுகளிலும் எரியாது.

சங்ககிரி டீசல்:
இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு? சம்பின் அடியை அறுத்து இரண்டு அங்குலம் தகடு வைத்து வெல்டிங் செய்யுங்கள். ஆயில் அதிகம் பிடிக்கும், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மிச்சம் இருக்கும். எங்கள் லாரிகளில் சம்ப் எவ்வளவு ஆழம் என்று வந்து பாருங்கள். ஒரு பிரச்சினையும் இல்லை.

பத்மினிக்காரன்:
லாரியை யாராவது கூம்புகளுக்கு நடுவே வளைத்து ஓட்டுகிறார்களா? இரண்டு அங்குலம் இறக்கினால் பத்மினியின் வயிறு எதில் இடிக்கும் என்று யோசித்தீர்களா? அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு தெருவுக்குள் போய்வாருங்கள், வேகத்தடை பதில் சொல்லும். மேலும், அடியை மட்டும் இறக்கிவிட்டு ஸ்ட்ரெயினரைப் பழைய உயரத்திலேயே விட்டுவிட்டால் என்ன பயன்? கூடுதலாக ஊற்றிய ஆயில் கீழே சும்மா கிடக்கும், பம்புக்கு எட்டாது. உறிஞ்சு குழாயையும் சேர்த்து நீட்ட வேண்டும். நீட்டிய குழாய் அதிர்ந்து விரிசல் விடாமல் இருக்க, கிராங்கைப் பிடித்திருக்கும் பேரிங் கேப் போல்ட்டிலிருந்து ஒரு பட்டை வைத்துப் பிடிக்க வேண்டும்.

ஸ்ட்ரெயினருக்கும் சம்பின் தரைக்கும் இடையே ஆறிலிருந்து பத்து மில்லிமீட்டர் இருக்க வேண்டும். குறைந்தால் ஆயில் நுழையாது. கூடினால் காற்று நுழையும். இதை எப்படி அளப்பது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் பல பட்டறைகளில் யாரும் அளப்பதே இல்லை. களிமண்ணைக் கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி ஸ்ட்ரெயினரின் அடியில் ஒட்டுங்கள். கேஸ்கெட்டோடு (ஒழுகாமல் இருக்க விளிம்பில் வைக்கும் பட்டை) சம்பை மாட்டி நாலு போல்ட் இறுக்குங்கள். பிறகு கழற்றி, நசுங்கிய களிமண்ணின் கனத்தை வெர்னியர் அளவுகோலில் பாருங்கள். பத்து நிமிட வேலை.

அம்பாசடர் 1489:
ஃபியட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை எல்லாம் வரத்தான் செய்யும். அம்பாசடரின் 1489 சிசி எஞ்சின், பிரிட்டனின் பிஎம்சி கம்பெனியின் பி சீரிஸ். அதே குடும்பத்து 1798 சிசி எஞ்சின்தான் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் வந்தது. வெளிநாட்டில் அதைக் கொண்டு இன்றும் போட்டிகளில் ஓட்டுகிறார்கள்.

பத்மினிக்காரன்:
எம்ஜிபி ஓட்டுபவர்களும் போட்டிக்குப் போனால் சம்புக்குள் தடுப்புத் தகடு வைக்கிறார்கள். உங்கள் வாதம் என் பக்கம்தான் சாய்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டு ஒரு டீ குடித்து முடித்த பிறகு திரும்புகிற வண்டியைப் பற்றி வேறு விவாதத் திரியில் பேசலாம்.

அம்பாசடர் 1489:
வார்த்தையை அளந்து பேசுங்கள். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு கொல்லிமலை ஏறிய வண்டி.

புது பத்மினி:
கேள்வி கேட்டவன் நான்தான். எல்லோருக்கும் வணக்கம். ஆட்டோகிராஸ் என்று நீங்கள் சொல்வது தார்த் தளத்தில் கூம்பு வைத்து ஓட்டுவதா, மண் தரையில் ஓட்டுவதா? நான் ஓட்டப்போவது மண் மைதானம். அதற்கும் இதே சம்ப்தானா?

மலைப்பாதை:
தம்பி, எந்தத் தளமாக இருந்தால் என்ன? ஏற்காடு மலைப்பாதையைவிடக் கடினமான சோதனை தமிழ்நாட்டில் இல்லை. சேலத்திலிருந்து கிளம்பி 1500 மீட்டர் உயரம் போகிறோம். வளைவிலும் ஏற்றம். அங்கே எரியாத விளக்கு மைதானத்தில் எப்படி எரியும்? போன வருடம் ரேடியேட்டர் விவாதத்திலும் இதே பத்மினிக்காரன்தான் எல்லோரையும் பயமுறுத்தினார்.

பத்மினிக்காரன்:
ரேடியேட்டர் விஷயத்தில் நான் சொன்னதுதான் நடந்தது, அந்தத் திரியில் இருக்கிறது. இப்போது விளக்குக்கு வருவோம். சாவியைத் திருப்பியதும் எரிகிறதா, இல்லையா?

எரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த விளக்கின் சுவிட்ச் மிகக் குறைந்த அழுத்தத்தில்தான் வேலை செய்யும். ஓடும் எஞ்சினில் அது எரிகிறது என்றால் அழுத்தம் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது என்று பொருள். பாதி அழுத்தம் போனால் அது வாயே திறக்காது. சுவிட்ச் இருக்கும் துளையில் ஒரு 'T' வடிவ இணைப்பு போட்டு, ஊசி காட்டும் பிரஷர் மீட்டர் வையுங்கள். வளைவில் ஊசி விழுந்து எழுவதைக் கண்ணால் பார்த்த பிறகு பேசுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை மேஸ்திரி:
எல்லோரும் படித்தவர்கள் பேசுகிறீர்கள், ஒரு வார்த்தை சொல்கிறேன். சேம்பரில், அதாவது நீங்கள் சொல்லும் சம்பில், கை வைக்கவே வேண்டாம். ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கு மேலே அரை லிட்டர் கூடுதலாக ஊற்றிக்கொண்டு ஓட்டுங்கள். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் ஃபியட் வைத்திருந்தவர்கள் இப்படித்தான் ஓட்டினார்கள் என்று என் குருநாதர் சொல்வார்.

பத்மினிக்காரன்:
மேஸ்திரி அண்ணா, அரை லிட்டர் வைத்தியம் எனக்கும் தெரியும். கம்பெனி சம்பிலேயே ஓட்டியாக வேண்டும் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அரை லிட்டர் என்பதைக் கேட்டவர் ஒரு லிட்டர் ஊற்றுவார். கிராங்க் ஆயிலில் அடித்தால் நுரை கிளம்பும். நுரையில் பாதி காற்று. பம்ப் அதை அனுப்பினால் பேரிங்குக்கு என்ன கிடைக்கும்?

மண் மைதானம் பற்றிக் கேட்ட தம்பிக்கும் சேர்த்தே எழுதுகிறேன். வெளிநாட்டு ஃபோர்டு, செவர்லே எஞ்சின்களுக்கு இரண்டு பக்கமும் அகலமாக்கிய, உள்ளே கதவு வைத்த சம்ப் கடையிலேயே கிடைக்கும். நமக்கு அப்படிக் கிடைக்காது. பழைய மினி காரில் கியர்பாக்ஸே சம்புக்குள் இருப்பதால் அவர்களுக்கு வேறு வழியே இல்லை, உறிஞ்சு குழாயை நடுவுக்குக் கொண்டுவந்து சமாளிக்கிறார்கள். நமக்கு வழி இருக்கிறது. கம்பெனி சம்பின் ஆழத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஸ்ட்ரெயினரைச் சுற்றி நாலு பக்கமும் தகட்டுச் சுவர் எழுப்ப வேண்டும். சுவரில் கீல் வைத்த சிறு கதவுகள். அவை ஸ்ட்ரெயினரை நோக்கி மட்டும் திறக்க வேண்டும். வண்டி வளையும்போது வெளியே இருக்கும் ஆயில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும், எதிர்ப்பக்கம் சாயும்போது கதவு மூடிக்கொள்ளும், உள்ளே வந்தது வெளியே போகாது. மேலே ஒரு கிடைத் தகடு, ஆயில் சுவரேறிக் கிராங்கைத் தொடாமல் இருக்க. வெல்டிங் முடிந்ததும் கிராங்கைக் கையால் முழுச் சுற்றுச் சுற்றி எதுவும் தட்டவில்லை என்று பார்க்க வேண்டும்.

கஞ்சமலை:
இவ்வளவு வேலை செய்வதானால் சேலம் உருக்காலையின் எவர்சில்வர் தகட்டிலேயே புது சம்ப் செய்யலாமே? 1981 முதல் நம் ஊரில் உருட்டுகிறோம். துருவே பிடிக்காது. நம் ஊர்ப் பொருளைப் பற்றி ஒருவரும் பேசமாட்டேன் என்கிறீர்கள்.

பத்மினிக்காரன்:
உருக்காலை எனக்கும் பெருமைதான், என் மாமா அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் எவர்சில்வர் சூட்டில் சாதாரண இரும்பைவிட ஒன்றரை மடங்கு விரியும், சூட்டைக் கடத்துவதும் குறைவு. வெல்டிங் வைத்தால் விளிம்பு அப்பளமாக நெளியும். உள்ளே எப்போதும் ஆயில் இருக்கும் பொருளுக்குத் துருவைப் பற்றி என்ன கவலை? சாதாரணத் தகடு போதும். எதுவாக இருந்தாலும் வெல்டிங் வைக்கும் முன் சம்பை ஒரு பழைய எஞ்சின் பிளாக்கில் எல்லா போல்ட்டும் போட்டு இறுக்கிவிட வேண்டும், ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும்.

கஞ்சமலை:
அப்படியானால் அலுமினியம்? சேர்வராயன் மலைப் பாக்சைட்டை மேட்டூரில் உருக்கிய ஊர் இது.

பத்மினிக்காரன்:
மண் மைதானத்தில் கல் அடித்தால் வார்ப்பு அலுமினியம் உடையும், இரும்பு ஒடுங்கும். ஒடுங்கினாலும் கவனம் வேண்டும். ஒடுங்கிய இடம் ஸ்ட்ரெயினரின் அடியில் இருந்தால் அந்த ஆறு மில்லிமீட்டர் இடைவெளி அடைபட்டுப் போகும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, உள்ளே பேரிங் காயும். அதனால் மண்ணில் ஓட்டுபவர்கள் கீழே ஒரு காப்புத் தகடும் போட்டே ஆக வேண்டும்.

சங்ககிரி டீசல்:
இரண்டு அங்குலம் இறக்கியிருந்தால் இந்தக் கதவு, கீல், சுவர் எதுவுமே தேவையில்லை. சொன்னால் கேட்பதில்லை.

பத்மினிக்காரன்:
குழாயை நீட்டினீர்களா என்று கேட்டேன். பதில் இல்லை. கீழே தொங்கும் சம்பைக் கல் முதலில் தேடி வரும் என்பதும் உங்களுக்குத் தோன்றவில்லை.

மலைப்பாதை:
நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். இருபது வளைவுகள். விளக்கு எரியவில்லை. இதற்கு ஒருவரும் நேரான பதில் சொல்லவில்லை.

பத்மினிக்காரன்:
நேரான கேள்விக்கு நேரான பதில் சொல்லாதவர் நீங்கள். சாவி. பல்பு. எரிகிறதா?

மலைப்பாதை:
என் வண்டியின் பல்பைப் பற்றி நீங்கள் கேட்கத் தேவையில்லை. வண்டியைப் பராமரிக்க எனக்குத் தெரியும்.

அம்பாசடர் 1489:
பல்பு இல்லை என்று தோன்றுகிறது.

மலைப்பாதை:
உங்களிடம் யாரும் கேட்கவில்லை.

புது பத்மினி:
ஐயா, பத்மினிக்காரன் அவர்கள் சொன்னதுபோலக் கதவு வைத்த சம்பைச் சேலத்தில் யார் செய்துகொடுப்பார்கள்? ஏறக்குறைய எவ்வளவு செலவாகும்?

செவ்வாய்ப்பேட்டை மேஸ்திரி:
நான் செய்வேன். ஆனால் பத்மினிக்காரன் சொன்னார் என்று வராதீர்கள். ஒரு பட்டறையில் வேலை வாங்கிவிட்டு, ஒழுகுகிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர்.

பத்மினிக்காரன்:
ஒழுகியதால் ஒழுகியது என்றேன். எந்தப் பட்டறை என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, நீங்களாகத் தோளைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். அன்று வெல்டிங் முடிந்ததும் வெளிப்பக்கம் சாக்பீஸ் தூளைப் பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தால் எந்த இடத்தில் ஊசித்துளை இருக்கிறது என்று கறை காட்டிக்கொடுத்திருக்கும். அதைச் செய்யாமல் பெயின்ட் அடித்து மறைத்துக் கொடுத்தார்கள்.

செவ்வாய்ப்பேட்டை மேஸ்திரி:
அது வெல்டிங் ஒழுகல் என்று யார் சொன்னது? கார்க் கேஸ்கெட்தான் போடுவேன் என்று பிடிவாதம் பிடித்தால் ஒழுகத்தான் செய்யும். ஒழுகலை அடைக்கும் பேஸ்ட் தடவியிருந்தால் ஒரு சொட்டு வராது.

பத்மினிக்காரன்:
பேஸ்ட்டை விளிம்பு முழுவதும் அப்பி இறுக்கினால் பாதி உள்ளே பிதுங்கும். அது பிய்ந்து ஸ்ட்ரெயினர் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். நான் கழற்றிய ஒரு சம்பில் வலையின் பாதி அடைந்து கிடந்தது, சிவப்பு நிறத்தில், ரப்பர் புழுக்கள் போல. கார்க் ஒழுகுவதற்குக் காரணம் கார்க் அல்ல. பலமுறை இறுக்கி இறுக்கி, போல்ட் துளையைச் சுற்றித் தகடு மேலே எழும்பியிருக்கும். அடியில் கட்டை வைத்துச் சுத்தியலால் தட்டிச் சமன் செய்யாமல் எதைப் போட்டாலும் நிற்காது.

செவ்வாய்ப்பேட்டை மேஸ்திரி:
தட்டித்தான் போட்டோம்.

பத்மினிக்காரன்:
தட்டவில்லை. அந்தச் சம்ப் இன்னும் என் வீட்டில் இருக்கிறது. அளவுகோலை விளிம்பில் வைத்தால் அடியில் பிளேடு நுழைகிறது.

செவ்வாய்ப்பேட்டை மேஸ்திரி:
கொண்டுவந்து காட்டுங்கள். கேஸ்கெட்டோடு கொண்டுவாருங்கள்.