சி.ஏ. (கணக்காளர்) பரீட்சை திரும்பவும் ஃபெயில், விடுறதா தொடருறதா?

கேள்வி: வெள்ளவத்தையில இருக்கிறன். பகல்ல ஒடிட் வேலை, இரவில படிப்பு. இந்தமுறையும் ரிசல்ட் சரிவரேல்ல. அப்பா ஒண்டும் சொல்லேல்ல, ஆனா சொந்தக்காரர் வந்து "பிள்ளை இன்னும் முடிக்கேல்லையோ" எண்டு கேக்கேக்க அம்மாட முகம் வாடிப்போகுது, அதுதான் தாங்கேலாம கிடக்கு. ஓ.எல். படிச்ச காலத்து ஆசை இது, விட மனமில்ல. என்ன செய்யலாம்?

பதில் 1: தங்கச்சி, எங்கட கிரிக்கெட் வீரர் மாவன் அத்தபத்துவை யோசிச்சுப் பாருங்கோ. 1990ல முதல் டெஸ்ட், ரெண்டு இன்னிங்ஸும் டக் (ஓட்டமே இல்ல), டீமை விட்டுத் தூக்கிட்டாங்கள். 1992ல எங்கட கொழும்பு எஸ்.எஸ்.சி. கிரவுண்டில 0, 1. 1994ல திரும்பவும் ரெண்டு டக். ஆறு இன்னிங்ஸில ஒரேயொரு ஓட்டம்! அந்த மனுசன்தான் பிறகு 5502 ஓட்டம், 16 சதம், அதில 6 இரட்டைச் சதம், இலங்கைக்கே கெப்டன். சொந்தக்காரர் என்னத்தையும் கதைக்கட்டும்.

பதில் 2: அண்ணா சொன்னது சரி, ஆனா அதே மாதிரி படிச்சா அதே ரிசல்ட்தான் வரும். பாஸ்ட் பேப்பரை விடையோட சேத்து வாசிக்காதீங்கோ, மணிக்கூட்டை முன்னால வச்சு முழுப் பேப்பரையும் எழுதி, பிறகு எந்தக் கேள்வியில நேரம் போச்சுது எண்டு பாருங்கோ, கனபேர் தெரியாம இல்ல, முடிக்காமத்தான் விழுறாங்கள். வீட்டில கரைச்சலெண்டா 57ஆம் ஒழுங்கையில தமிழ்ச் சங்க நூலகம் இருக்கு.

கேட்டவர்: ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணா. கடைசிக் கேள்வி எனக்கு எப்பவும் அரைகுறைதான். சனிக்கிழமையே ஒரு பேப்பர் எழுதிப் பாக்கிறன்.