பை-ராமேசஸ் எங்கே: தானிஸா, கந்தீரா?

கேள்வி:
பண்டைய எகிப்தின் முக்கிய நகரங்களுக்குக் குறிப்பு எடுக்கிறேன். மெம்பிஸ் தலைநகரம், பிறகு தலைநகரம் தீப்ஸுக்கு மாறியது, அதுவரை சரி. இரண்டாம் ராமேசஸ் மன்னர் நைல் டெல்டாவில் கட்டிய தலைநகரமான பை-ராமேசஸில்தான் இடிக்கிறது. அது இருந்த இடம் பழைய புத்தகங்களில் தானிஸ், புதியவற்றில் கந்தீர்; இரண்டும் டெல்டாவில் உள்ள ஊர்கள். தானிஸில் அவர் பெயர் பொறித்த கற்கள் குவிந்து கிடக்கின்றனவே?

பதில் 1:
கந்தீர்தான். 1929இல் தானிஸைத் தோண்டத் தொடங்கிய பிரெஞ்சுத் தொல்லியலாளர் பியர் மான்டேயும் அந்தக் கற்களை வைத்துத்தான் ஏமாந்தார். பெயரைப் படித்தால் போதாது, கல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். தானிஸில் எழுத்து தலைகீழாக இருக்கும், சுவருக்குள் புதைந்திருக்கும், உடைந்த துண்டு நிரப்புக் கல்லாகக் கிடக்கும். எல்லாம் வேறிடத்தில் பெயர்த்து வந்தவை. அடியில் ராமேசஸ் காலத்து நகர அடுக்கே இல்லை.

கந்தீரில் நேரெதிர். மேலே வயல்வெளி; ராட்சதச் சிலை ஒன்றின் பாதம் மட்டும் மிச்சம். ஆனால் மண்ணுக்கடியில் அஸ்திவாரங்கள் போட்ட இடத்திலேயே இருக்கின்றன. பச்சைச் செங்கல் சுவர்கள், தோண்டாமலே மண்ணுக்கடியில் இருப்பதைக் காட்டும் காந்த அளவீட்டில் கோடு கோடாகத் தெரிந்தன. குதிரை லாயம், தேர்ப் பட்டறை, வெண்கலம் உருக்கிய உலை எல்லாம் அங்கே கிடைத்தவை.

பதில் 2:
கற்களைப் பை-ராமேசஸிலிருந்து பெயர்த்ததற்குக் காரணம் தண்ணீர். நகரத்தை வாழவைத்த நைலின் பெலூசியக் கிளை தூர்ந்துபோனது. படகு வராவிட்டால் துறைமுகம் ஏது? ராமேசஸுக்குப் பின் வந்த 21ஆம் வம்ச அரசர்கள் சுமார் 20 கி.மீ. வடக்கே தானிஸுக்குப் போனார்கள். டெல்டாவில் கல் கிடையாது. கருங்கல் வேண்டுமென்றால் அஸ்வானிலிருந்து நதிவழியே 900 கி.மீ.க்கு மேல் கொண்டுவர வேண்டும். பக்கத்தில் கைவிட்ட நகரம் இருக்க, யார் மெனக்கெடுவார்கள்?

பதில் 3:
கேள்வியின் முதல் பாதியிலும் ஒரு திருத்தம். 'தலைநகரம் தீப்ஸுக்கு மாறியது' என்று மொட்டையாக எழுதாதீர்கள். ராமேசஸ் வாழ்ந்த 'புதிய அரசு' காலத்தில் தீப்ஸ் ஆமூன் கடவுளின் கோயிலுக்கும் அரச கல்லறைகளுக்கும் ஊர். நிர்வாகத்தில் பெரும்பகுதி மெம்பிஸில்தான் நடந்தது. டெல்டா பிரியும் முனையில் இருப்பதால் மேல், கீழ் எகிப்து இரண்டும் அதன் கைக்குள். அங்கிருந்த ப்தா கடவுள் கோயிலின் பெயரான 'ஹுத்-கா-ப்தா'தான் கிரேக்கர் வாயில் 'ஐகுப்தோஸ்' ஆகி, 'எகிப்து' என்று நம்மிடம் வந்தது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் குறிப்பிலிருந்து தானிஸை அடித்துவிடலாமா?

பதில் 1:
வேண்டாம், வேறு தலைப்பில் போடுங்கள். அதே மான்டே 1939-40இல் அங்கே 21ஆம் வம்ச அரசர் முதலாம் சுசென்னஸின் கல்லறையைக் கொள்ளை போகாமல் கண்டெடுத்தார்: வெள்ளிச் சவப்பெட்டி, தங்க முகமூடியோடு. உலகப் போர்ச் செய்திகளில் அது அமுங்கிப்போனது.