சந்தையில் வாங்கிய மாட்டுக்கு மடி வீக்கம், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. காரைக்குடிப் பக்கம், பள்ளத்தூரை ஒட்டிக் கொஞ்சம் கண்மாய்ப் பாசன வயல் வைத்திருக்கிறேன். போன வாரம் நேரமே சரியில்லை. சேற்றில் பவர் டில்லர் ஓட்டும்போது பழைய நைலான் கயிறு சுற்றி, இரண்டு கத்தி போல்ட்டோடு போய்விட்டது. அது சரி, வாங்கி மாட்டிவிடலாம். தூக்கத்தைக் கெடுப்பது மாடுதான்.

ஜெர்சி கலப்பு, இரண்டாம் ஈத்து. தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசி, 42,000 ரூபாய்க்கு முடித்தார். பல் பார்த்தேன், சுழி பார்த்தேன், கறந்து பார்க்கத்தான் விட்டுவிட்டேன். மடி நிறைந்து பளபளவென்று இருந்ததில் மயங்கிவிட்டேன். காலையில் கறக்காமல் ஓட்டி வந்திருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது.

வீட்டில் கறந்தால் இடது முன்காம்பில் தயிர்த் திப்பி மாதிரி வருகிறது. அந்தப் பக்க மடி கல்லாக இறுகி, தொட்டால் சுடுகிறது. கால்நடை மருத்துவர் காம்புக்குள் டியூப் மருந்து ஏற்றி, மூன்று நாள் ஊசியும் போட்டார். கூடவே சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50, சுண்ணாம்பு 15 சேர்த்து அரைத்துப் பூசுகிறோம். சூடு தணிந்துவிட்டது, இறுக்கம் விடவில்லை.

இப்படி இறுகிய காம்பு யாருக்காவது பழையபடி பால் கொடுத்திருக்கிறதா? எத்தனை நாள் ஆனது? கன்றை மற்ற மூன்று காம்பில் ஊட்ட விடலாமா? ஆத்தா 'வித்துத் தொலை' என்கிறார். எனக்கு மனசு வரவில்லை.