மலையில் இயங்கும் கார் ஏசி மேட்டுப்பாளையத்தில் இயங்க மறுக்கிறது

கேள்வி (குன்னூர்)

வணக்கம். என்னுடையது பத்து ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார். குன்னூரில் காலையில் ஏசியைப் போட்டால் உடனே இயங்குகிறது. மழைக்காலத்தில் முன்கண்ணாடியின் உட்புறம் படியும் ஆவியை நீக்க எங்களுக்கு அது தினமும் வேண்டும். ஆனால் பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, கடைவீதியில் வண்டியை நிறுத்திவிட்டு, அரைமணி நேரம் கழித்துக் கிளப்பினால் ஏசி வேலை செய்வதில்லை. பட்டனில் விளக்கு எரிகிறது, காற்றும் வேகமாக வருகிறது, ஆனால் அனல் காற்று. பானட்டைத் திறந்து பார்த்தால் கம்ப்ரஸரின் புல்லி மட்டும் சுற்ற, அதன் முன்னால் உள்ள தட்டு அசையாமல் நிற்கிறது. மாலையில் வீடு வந்து எஞ்சின் ஆறிய பிறகு மறுபடியும் ஒழுங்காக இயங்குகிறது. மெக்கானிக் ஒருவர் கேஸ் குறைவு என்று சொல்லி நிரப்பினார்; பலனில்லை. இப்போது கம்ப்ரஸரையே மாற்ற வேண்டும் என்கிறார். அந்தச் செலவில் இறங்குவதற்கு முன் வேறு எதைச் சோதிக்கலாம்?

பதில் (உதகை)

கேஸ் குறைவு என்று அவர் எதை வைத்துச் சொன்னார் என்று கேளுங்கள். எஞ்சின் ஓடாதபோது கேஜில் தெரியும் அழுத்தம், உள்ளே சிறிதளவு கேஸ் திரவமாக இருக்கும் வரை, வெப்பநிலையை ஒட்டியே ஏறி இறங்குமே தவிர, எத்தனை கிராம் மீதம் உள்ளது என்பதைக் காட்டாது. ஆர்134ஏ கேஸ் 35 டிகிரியில் 115 பிஎஸ்ஐ அளவில் நிற்கும். 15 டிகிரியில் 60க்கு அருகில்தான் நிற்கும். கோவையில் தொழில் பழகியவர் குன்னூரின் குளிர்ந்த காலையில் கேஜை மாட்டினால் பாதி கேஸ் போய்விட்டது என்றே எண்ணுவார்.

கேஸ் நிரப்புவதற்கு முன் குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி எடுக்க வேக்குவம் போடும்போதும் இதே குழப்பம் உண்டு. சமவெளியில் 30 அங்குலப் பாதரச அளவை நெருங்கும் கேஜ் முள், 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரில் 24ஐத் தாண்டாது, ஏனென்றால் அங்குள்ள காற்றழுத்தமே அவ்வளவுதான். அதைப் பார்த்துக் குழாயில் கசிவு என்று தேடத் தொடங்குபவர்களும் இருக்கிறார்கள். உங்கள் வண்டியில் இப்போது கேஸ் அளவுக்கு மேல் இருக்கவும் வாய்ப்புண்டு. அப்படியிருந்தால் வெயிலில் அழுத்தம் எகிறி, ப்ரஷர் ஸ்விட்சே கம்ப்ரஸரை நிறுத்திவிடும். பானட்டின் கீழே உள்ள ஸ்டிக்கரில் குறிப்பிட்ட கிராம் அளவுக்கு எடைபோட்டு நிரப்பும் இடத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் (மேட்டுப்பாளையம், கார் ஏசி வேலை செய்பவன்)

முன்னவர் கேஸைப் பற்றிச் சொன்னது சரி. ஆயினும் கேஸ் நிரப்புவதற்கு முன்பே கோளாறு இருந்தது என்பதால், எனக்கு, மின்காந்தத்தால் தட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கும் கிளட்சின் மீதுதான் சந்தேகம். சூட்டில் மறுத்து, ஆறியபின் இயங்குவது தேய்ந்த காந்தக் கிளட்சின் வழக்கமான குணம். அதன் காயில் (மின்காந்தச் சுருள்) செம்புக் கம்பியால் ஆனது. 20 டிகிரியில் 3.6 ஓம் இருந்தால், வண்டியை நிறுத்தியபின் எஞ்சின் சூடு ஏறி 100 டிகிரியைத் தொடும்போது ஏறத்தாழ 4.7 ஓம் ஆகிவிடும். மின்னோட்டம் மூன்றரை ஆம்பியரிலிருந்து 2.7க்கு இறங்கும், இழுவிசையோ பத்தில் நான்கு பங்கு குறைந்துபோகும். தட்டுக்கும் புல்லிக்கும் இடையில் உள்ள இடைவெளி தேய்மானத்தால் அகன்றிருந்தால், அந்தக் குறைந்த விசையால் தட்டை இழுக்க முடியாது.

அடுத்த முறை இயங்காதபோது, எஞ்சின் ஓட, ஏசி பட்டன் போட்ட நிலையில், கிளட்சின் கனெக்டரைக் கழற்றாமல் அதன் பின்புறமாக மல்டிமீட்டரின் முனையைச் செருகி அளந்து பாருங்கள். கழற்றி அளந்தால், கரியேறிய ரிலேயின் வழியாக வரும் வலுவற்ற மின்சாரமும் முழு 12 வோல்ட் போலக் காட்டி ஏமாற்றும். வோல்ட் வரவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, ப்ரஷர் ஸ்விட்ச், எலி கடித்த ஒயர் என்று பின்னோக்கித் தேட வேண்டும். வோல்ட் முழுமையாக வந்தும் தட்டு ஒட்டவில்லையென்றால் எஞ்சினை அணைத்துவிட்டு, கனெக்டரைக் கழற்றி, ஃபியூஸ் உள்ள ஒயர் ஒன்றால் பேட்டரியிலிருந்து காயிலுக்கு நேராக மின்சாரம் கொடுத்து, ஒரு குச்சியால் தட்டை மெல்ல அழுத்துங்கள். அழுத்தியதும் 'டக்' என்று ஒட்டி, அப்படியே பிடித்துக்கொண்டால் இடைவெளிதான் காரணம். எஞ்சின் ஓடும்போது அந்தப் பக்கம் கையோ குச்சியோ கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே மேட்டுப்பாளையத்தில் வைத்துச் சோதித்தேன். கனெக்டரில் 13.6 வோல்ட் வருகிறது. எஞ்சினை அணைத்து நேரடி மின்சாரம் கொடுத்தபோது தட்டு தானாக அசையவில்லை. குச்சியால் தொட்டு அழுத்தியவுடன் ஒட்டிக்கொண்டது. ஃபீலர் கேஜால் அளந்ததில் இடைவெளி ஒரு பக்கம் 0.9, மறுபக்கம் 1 மில்லிமீட்டர். இதைக் குறைக்கக் கம்ப்ரஸரைக் கழற்ற வேண்டுமா?

பதில் (மேட்டுப்பாளையம்)

பெரும்பாலும் வேண்டியதில்லை, கேஸையும் திறக்க வேண்டியதில்லை. தட்டின் நடுவில் உள்ள ஒற்றை நட்டையோ போல்ட்டையோ கழற்றித் தட்டை வெளியே எடுத்தால், ஷாஃப்டில் மெல்லிய ஷிம் வாஷர்கள் இருக்கும். அவற்றில் தேவையான தடிமன் உள்ளதை நீக்கிவிட்டு மாட்டினால் இடைவெளி குறையும். பெரும்பாலான வண்டிகளில் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை இருந்தால் போதும். உங்கள் வண்டிக்கான சரியான அளவைச் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே இறக்கிவிடாதீர்கள். ஏசி அணைந்திருக்கும்போதும் தட்டு புல்லியில் உரசித் தீய்ந்துவிடும்.

மாட்டிய பிறகு மூன்று இடங்களில் அளந்து, எங்கும் ஒரே அளவு வருகிறதா என்று பாருங்கள். உங்களுக்கு இரண்டு பக்கமும் வேறுபடுவதால், பெல்ட்டைக் கழற்றிப் புல்லியைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பதும் அவசியம். ஆட்டம் தெரிந்தாலோ சுற்றும்போது கரகரப்பு கேட்டாலோ, பேரிங்கை மாற்றிய பிறகே ஷிம்மைத் தொடுங்கள்.