கணவர் துபாயில், முடிவுகள் மாமியார் வழியாக: நான் வாய் திறக்காமல் இருப்பதுதான் கீழ்ப்படிதலா?

மார்த்தாண்டத்துப் பிள்ளை:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை, கல்யாணம் ஆகி நாலு வருஷம், ஒரு பெண் குழந்தை. வீட்டுக்காரர் துபாயில் ஏசி மெக்கானிக். நல்ல மனுஷன், குடி கிடையாது, சந்தேகம் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வீட்டில் எதுவுமே எனக்குக் கடைசியாகத்தான் தெரியவருகிறது. பிள்ளையை எந்த ஸ்கூலில் சேர்ப்பது, மாடி எடுப்பதா வேண்டாமா, நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு எத்தனை பவுன் போடுவது, எல்லாம் அவரும் அம்மாவும் பேசி முடித்த பிறகுதான் என் காதுக்கு வரும். பணமும் மாமியார் கணக்குக்குத்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து வாங்கக்கூட நான் கேட்டு நிற்கவேண்டும்.

தினமும் ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு வீடியோ காலில் வருவார். பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம், ஆமென். ஆமென் சொன்ன கையோடு போன் மாமியார் அறைக்குள் போய்விடும், கதவும் சாத்திவிடும். ஒருநாள் மனசு தாங்காமல் கேட்டதற்கு, 'எபேசியர் 5:22 வாசி' என்றார், மனைவிகள் புருஷருக்குக் கீழ்ப்படியவேண்டும் என்கிற வசனம். மாமியாரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, மாமா இறந்தபிறகு ரப்பர் பால் வெட்டப்போய் இவரைப் படிக்கவைத்தவர்கள். ஜெபித்துக்கொண்டு பொறுமையாக இருப்பதா, பேசுவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நெய்யூர் அக்கா:
தங்கச்சி, அவர் காட்டின அதே அதிகாரத்தை இரண்டு பேரும் சேர்ந்து முழுசா வாசியுங்கள். 22-க்கு முந்தின வசனமே 'தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்' என்றுதான் இருக்கிறது. மனைவிக்குச் சொன்னது மூன்று வசனம், 25-லிருந்து கடைசிவரை பெரும்பாலும் புருஷனுக்குத்தான். கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல நீ மனைவியில் அன்புகூரு என்று. அப்புறம் 31-ஆம் வசனத்தில், தகப்பனையும் தாயையும் விட்டு மனைவியோடே இசைந்திருப்பான் என்று ஆதியாகமத்திலிருந்து எடுத்துப் பவுல் அங்கேயே வைக்கிறார். இயேசுவும் மத்தேயு 19-ல் இதையேதான் சொன்னார். பெண்ணுக்கு வீட்டைவிட்டு வா என்று யாரும் கட்டளை கொடுக்கவே வேண்டாம், நாம் பெட்டியோடு வந்துவிடுகிறோம். அந்தக் கட்டளை ஆணுக்குத்தான் தேவைப்பட்டிருக்கிறது.

வாய்மூடி இருப்பதற்குப் பெயர் கீழ்ப்படிதல் இல்லை. உள்ளுக்குள் கசப்பு சேர்ந்துகொண்டே இருந்தால் ஒருநாள் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு வெடிக்கும். பேசு, மரியாதையோடு பேசு. ஒன்று மட்டும் பொதுவாகச் சொல்கிறேன், இங்கே வாசிக்கிற எல்லாருக்கும். அடி, மிரட்டல் என்று வந்துவிட்டால் அது பொறுத்துக்கொள்கிற விஷயமே இல்லை, பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்கள். வேதம் யாரையும் அடிவாங்கச் சொல்லவில்லை.

பழைய மஸ்கட்:
பல வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன் பிள்ளே. அங்கே கேம்ப் அறையில் படுத்திருக்கிறவனுக்கு வீடு என்றால் அம்மா குரல்தான், கல்யாணத்துக்கு முன்பே பழகின பழக்கம் அது. உன்னை ஒதுக்கவேண்டும் என்று அவன் நினைத்திருக்க மாட்டான். ஆனாலும் அதை மாற்றவேண்டியது அவன்தான்.

பணத்தை முதலில் சரிசெய்யுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் தானாக வரும். அம்மாவுக்கு என்று மாதம் ஒரு தொகை அவர்கள் கணக்குக்கு நேரே போகட்டும், குறைக்கவே கூடாது. பெற்றவர்களுக்குக் கொடுக்கவேண்டியதைக் கொர்பான், அதாவது கடவுளுக்கு நேர்ந்த காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை ஆண்டவர் மாற்கு 7-ல் எப்படிக் கண்டித்தார் என்று பாருங்கள். வீட்டுச்செலவும் பிள்ளைச் செலவும் உன் கணக்குக்கு வரட்டும். மாசக் கடைசியில் மூன்று பேரும் ஒரே நோட்டில் வரவு செலவு பார்த்துவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது.

ஜெபம் முடிந்தபிறகு அம்மாவிடம் பேசட்டும், நல்லது. அதற்கப்புறம் உன் போனுக்குத் தனியாக ஒரு அழைப்பு வரவேண்டும், பத்து நிமிஷமானாலும் போதும். லீவில் வரும்போது சொந்தக்காரர் வீடு, விருந்து, சபை நிகழ்ச்சி என்றே நாள் ஓடிவிடும். உபாகமம் 24:5-ல், புதிதாய் விவாகம் பண்ணினவனை ஒரு வருஷம் யுத்தத்துக்கே அனுப்பவேண்டாம், வீட்டிலிருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்தட்டும் என்று இருக்கிறது. நம்ம ஊரில் கல்யாணம் ஆன மாசமே விமானம் ஏற்றிவிடுகிறோம், அதனால் லீவு நாளையாவது யாருக்கும் தூக்கிக்கொடுக்காதீர்கள்.

குளச்சல் கடற்கரை:
நான் கத்தோலிக்கக்காரி, வேறு சபை என்றாலும் இது எல்லா வீட்டுக் கதையும்தான். எங்கள் பக்கம் தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போகிற ஆண்கள் வருகிறவரை சீட்டு, வட்டி, ஸ்கூல் பீஸ் எல்லாம் வீட்டில் இருக்கிற மனைவிதான் பார்க்கிறாள். தூரத்தில் இருக்கிறவனுக்கு அந்த நம்பிக்கை இல்லாமல் குடும்பம் ஓடவே ஓடாது.

ஆனால் மேலே அண்ணன் சொன்ன கணக்கு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வேறு அபிப்பிராயம். அந்த அம்மா தாலி இழந்து, விடியுமுன்னே தலையில் லைட் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நின்று மகனை ஆளாக்கினவர்கள். திடீரென்று ஒரு மாசம் பணம் வேறு கணக்குக்குப் போனால், மருமகள் மகனைப் பிரித்துவிட்டாள் என்றுதான் தோன்றும். பிள்ளைச் செலவை மட்டும் முதலில் உன் பக்கம் மாற்றச் சொல், அதையும் அவர் வாயாலேயே அம்மாவிடம் சொல்லட்டும். விசுவாசத்துக்காக உயிரையே கொடுத்த, பக்கத்து நட்டாலத்துப் புனித தேவசகாயமும் குடும்பஸ்தர்தானே. 1745-ல் அவர் ஞானஸ்நானம் வாங்கினார், மனைவிக்கும் விசுவாசத்தை விளக்கிச் சொன்னபிறகுதான் அவர்களும் வாங்கி ஞானப்பூ என்று பெயர் பெற்றார்கள். உயிரே போகக்கூடிய ஒரு முடிவில்கூட மனைவிக்கு எடுத்துச்சொல்ல அவருக்குப் பொறுமை இருந்தது, ஸ்கூல் அட்மிஷனுக்கு நமக்கு இருக்கக்கூடாதா?

மார்த்தாண்டத்துப் பிள்ளை:
ரொம்ப நன்றி, வாசித்து அழுதுவிட்டேன். பிள்ளைச் செலவில் தொடங்கிப் பார்க்கிறேன். இன்னொரு சந்தேகம், இதைப் போதகரிடம் சொல்லலாமா? பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபக்குறிப்பாகக் கொடுக்கலாம் என்று ஒரு அக்கா சொன்னார்கள்.

நெய்யூர் அக்கா:
ஜெபக்குறிப்பு வேண்டவே வேண்டாம் தங்கச்சி. நல்ல மனதோடுதான் ஜெபிப்பார்கள், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவதற்குள் உன் மாமியார் காதுக்குப் போயிருக்கும், அதற்கப்புறம் நீ என்ன பேசினாலும் எடுபடாது. மத்தேயு 18:15-ல், ஒருவர்மேல் குறை இருந்தால் முதலில் இரண்டுபேரும் தனித்துப் பேசுங்கள் என்றுதானே இருக்கிறது. போதகரிடம் போவதாக இருந்தால் உன் வீட்டுக்காரர் லீவில் வரும்போது இருவருமாகச் சேர்ந்து போங்கள். அதுவரைக்கும் எழுதி அனுப்பாதே, வாய்ஸ் மெசேஜும் வேண்டாம், அவருக்கு வெள்ளிக்கிழமை லீவா ஞாயிறா என்று பார்த்து, சாப்பிட்டு ஓய்வாக இருக்கிற நேரத்தில் கூப்பிட்டு நேராகப் பேசு.