ஊதா நிறக் கிளோவர்: மாலையில் மடியும் இலைகளும் கோடையில் வாடும் செடியும்

கேள்வி: ஜன்னலோரம் (கோயம்புத்தூர்)

வணக்கம். நர்சரியில் கிளோவர் என்று சொல்லிக் கொடுத்த செடி ஒன்றைக் கிழக்கு ஜன்னலோரம் வளர்த்து வருகிறேன். ஒவ்வொரு காம்பின் நுனியிலும் கரு ஊதா நிறத்தில் மூன்று முக்கோண மடல்கள் உள்ளன. பொழுது சாயும்போது அவை நடுநரம்போடு மடிந்து, காம்பை ஒட்டித் தொங்குகின்றன. காலையில் மீண்டும் விரிகின்றன. இது எதனால் நிகழ்கிறது? மேலும், சித்திரை பிறந்தது முதல் இலைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து காய்கின்றன. தண்ணீரைக் கூட்டியும் பயனில்லை. செடி பட்டுவிட்டதா?

மறுமொழி: மாடித்தோட்டம் (சேலம்)

உங்களிடம் இருப்பது ஆக்சாலிஸ் டிரையாங்குலாரிஸ் என்று தோன்றுகிறது. பிரேசில் முதலான தென் அமெரிக்க நாடுகளைச் சேர்ந்த இது, நம் வரப்புகளில் முளைக்கும் புளியாரைக்கு உறவு. மாட்டுத் தீவனமாகும் உண்மையான கிளோவரோ அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, அதன் வேர்களில் தழைச்சத்தை நிலைப்படுத்தும் முடிச்சுகள் இருக்கும்.

செடி பட்டிருக்க வாய்ப்பில்லை. வெயில் கடுமையாகும்போது இலைகளைக் கைவிட்டு மண்ணுக்குள் உறங்குவது இதன் இயல்பு. தொட்டி மண்ணைச் சற்றே விலக்கிப் பாருங்கள். செதில்கள் அடுக்கிய, விரல் பருமன்கூட இல்லாத சிறு கிழங்குகள் கெட்டியாக இருந்தால் கவலை வேண்டாம். தண்ணீரை நிறுத்திவிட்டுத் தொட்டியை நிழலில் வையுங்கள். இந்த நிலையில் ஊற்றும் தண்ணீர்தான் கிழங்கை அழுகச் செய்யும். சூடு தணிந்த பிறகு கிழங்குகளைப் பிரித்து, மணலும் மண்புழு உரமும் கலந்த மண்ணில் ஓரங்குல ஆழத்தில் நட்டால் ஒரு தொட்டி பல தொட்டிகளாகும். வீட்டில் பூனை, நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். இலையிலுள்ள ஆக்சாலிக் அமிலம் அவற்றுக்கு ஆகாது.

மறுமொழி: தாவரவியல் ஆசிரியர் (ஓய்வு)

மடல்கள் காம்போடு சேருமிடத்தைக் கைக்கண்ணாடியால் பாருங்கள். சிறிய புடைப்பு தெரியும். அதன் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேற, நீரும் பின்தொடர்ந்து வெளியேறுகிறது; எதிர்ப்பக்கச் செல்கள் நீரேறி விறைக்கின்றன; மடல் மடிகிறது. வெளிச்சம் மட்டுமே இதற்குக் காரணமன்று. ஒளி மாறாத அறையில் வைத்தாலும் தன் உள் கடிகாரத்தின்படி சில நாட்களுக்கு இது மடிந்து விரியும்.

சார்லஸ் டார்வின் தம் மகன் பிரான்சிஸின் உதவியோடு 1880இல் வெளியிட்ட தாவர அசைவுகள் குறித்த நூலில், ஆக்சாலிஸ் இலைகள் சிலவற்றை மடிய விடாமல் தக்கையில் ஊசியால் பொருத்தி, குளிர் இரவில் வெளியே வைத்துச் செய்த சோதனைகளை விவரித்திருக்கிறார். அவ்வாறு விரிந்தே கிடந்த இலைகள் உறைபனியால் கூடுதலாகச் சேதமடைந்தன. கோவையில் உறைபனிக்கு வழியில்லை என்றாலும் செடி தன் பழக்கத்தை விடுவதாயில்லை!

மறுமொழி: வயல்வெளி (தஞ்சாவூர்)

இலை உறங்குவதைப் பார்க்கும் ஆர்வம் உங்களுக்கு இருப்பதால், அகன்ற பாத்திரத்தில் சேற்று மண்ணிட்டு ஆரைக்கீரையையும் வளர்த்துப் பாருங்கள். நான்கு மடல்கள் கொண்ட இது பூக்காத பெரணி இனம். காம்பின் அடியில் கடினமான சிறு வித்துறைகள்தான் தோன்றும். உங்கள் ஊதாச் செடி மடல்களைக் கீழே தொங்கவிடுகிறது. ஆரையோ மாலையில் நான்கையும் மேல்நோக்கிக் குவிக்கிறது. நல்ல வெயிலும், வேர் மூழ்கும் அளவு தண்ணீரும் போதும். கோடையில் ஊதாச் செடி உறங்கும் காலத்தில் ஜன்னலோரமும் வெறிச்சோடாது.

கேள்வி கேட்டவர்: ஜன்னலோரம்

மூவருக்கும் நன்றி. மண்ணை விலக்கிப் பார்த்தேன். கிழங்குகள் கெட்டியாகவே உள்ளன. தண்ணீரை நிறுத்திவிட்டேன். ஆசிரியர் ஐயா, ஒளி மாறாத அறைக்குப் பதிலாக அட்டைப் பெட்டியால் மூடி வைத்தும் அந்த உள் கடிகாரத்தைச் சோதிக்கலாமா?

மறுமொழி: தாவரவியல் ஆசிரியர் (ஓய்வு)

தாராளமாகச் செய்யலாம், ஆனால் இப்போது வேண்டாம். புதிய இலைகள் நன்கு விரிந்த பிறகு ஓரிரு நாட்கள் மட்டும் மூடி வையுங்கள். திறந்து பார்க்கும்போது பச்சைத் தாள் சுற்றிய மங்கலான விளக்கைப் பயன்படுத்துங்கள்.